முழங்காலில் வலி, இடுப்பில் நோய்: கண்டியிலுள்ள ஓர் எலும்பு மருத்துவ நிலையம்

கண்டி நகரின் ஒரு பக்கத் தெருவில், கீழே மருந்துக் கடையும் மேல்மாடியில் இரண்டு அறைகளும் ஒரு பயிற்சிக் கூடமுமாக இயங்கும் எலும்பு மருத்துவ நிலையம் ஒன்றுக்கு, கடந்த பதினான்கு மாதங்களில் ஒன்பது தடவை என் தம்பியை அழைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறேன். அவர்கள் விளம்பரம் செய்வதில்லை. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'நிலையம்' என்றே இங்கே குறிப்பிடுகிறேன். அங்கே கிடைத்த சேவையில் நான் மிகப் பெரிதாக மதிப்பது, ஒரு நோயை எங்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்ன நாற்பது நிமிடங்களைத்தான். அந்த நாற்பது நிமிடங்கள் ஒன்பது மாதங்களுக்கு முன்னரே கிடைத்திருந்தால் தம்பியின் வலது இடுப்பு மூட்டு தப்பியிருக்கக்கூடும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தம்பிக்கு 36 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன் சிறுநீரில் புரதம் வெளியேறும் நோய் வந்து முகமும் காலும் வீங்கியபோது, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை கொடுத்துத்தான் அவனுடைய சிறுநீரகங்களைக் காப்பாற்றினார்கள். ஓராண்டு கழித்து வலது முழங்காலில் வலி தொடங்கியது. முதலில் படியேறும்போது மட்டும் வலித்தது. பிறகு இரவில் புரண்டு படுக்கும்போதும் வலித்தது. மூன்று இடங்களில் காட்டினோம். மூன்று இடங்களிலும் முழங்காலைத்தான் பார்த்தார்கள், முழங்காலைத்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஒரு குறையும் இல்லை. வலிக்குளிசை, களிம்பு, கல்சியம் என்று மருந்துத் துண்டுகள் சேர்ந்துகொண்டே போயின. அம்மா தன் பங்குக்கு நாட்டு வைத்தியரிடமிருந்து எண்ணெய் வாங்கி வந்து ஒவ்வொரு இரவும் அவன் முழங்காலில் தேய்த்துவிட்டார். அவர் எண்ணெய் தேய்த்த இடத்துக்கு ஒரு முழம் மேலே நோய் இருந்தது.

நிலையத்தின் வைத்தியர் எக்ஸ்ரே படங்களைக் கையில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முதலில் தம்பியை அறைக்குள்ளேயே நடக்கச் சொன்னார். பிறகு கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்து முழங்காலை முழுவதுமாக மடக்கி நீட்டினார், வலிக்கவில்லை. அடுத்து முழங்காலை மடக்கிய நிலையிலேயே தொடையை மேலே தூக்கிப் பிடித்து, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினார். இடது காலில் பாதம் தாராளமாக விலகியது. வலது காலில் கொஞ்சம் திரும்பியதும் நின்றுவிட்டது. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு தொடை இடுக்கில் கை வைத்தான். "அக்கா, முழங்கால்தானே வலிக்குது, இவர் ஏன் இடுப்பைப் பிடிச்சு முறுக்குறார்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டான். அது வைத்தியரின் காதிலும் விழுந்தது. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் கிளை விடும் நரம்பு ஒன்றே என்பதால், இடுப்பில் உள்ள வலியை மூளை முழங்காலின் வலியாக எடுத்துக்கொள்வதுண்டு என்று அவர் விளக்கினார். முழங்காலில் எதுவும் தெரியாத முழங்கால் வலிக்கு இடுப்பைப் பார்க்க வேண்டும் என்பது எலும்பு மருத்துவத்தின் பாலபாடம் என்றும், அந்தப் பாடத்தை அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். முன்பு பார்த்தவர்களை அவர் குறை சொல்லவில்லை. நானும் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் சந்தேகித்த நோயின் பெயர் அவஸ்குலர் நெக்ரோசிஸ், சுருக்கமாக ஏ.வி.என். பாடப்புத்தகத் தமிழில் சொன்னால், குருதி கிடைக்காததால் என்பு இழையம் இறந்துபோதல். எங்கள் பக்கத்தில் இதை 'எலும்பு உக்கிப் போச்சு' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா அழத் தொடங்கியிருப்பார். அவர் அன்று வராதது நல்லதாயிற்று. இது புற்றுநோயன்று, கிருமி தொற்றி வருவதன்று, பாலும் கல்சியமும் போதாமல் வருவதுமன்று என்று வைத்தியர் முதலிலேயே மூன்று கதவுகளையும் சாத்திவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

அவர் சிங்களவர், தமிழ் நிதானமாகப் பேசுவார். தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் எப்படி வருகிறது என்று எங்களையே கேட்டார். மலை மேலே ஊற்று, அங்கிருந்து கறுப்புக் குழாய், வழியிலுள்ள லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கிளைக் குழாய், கடைசி லயத்துக்கு மிஞ்சியது என்று தம்பி சொன்னான். தொடையெலும்பின் உச்சியிலுள்ள பந்து போன்ற தலைதான் அந்தக் கடைசி லயம் என்று சொல்லிக்கொண்டே அவர் வரைந்தார். அந்தத் தலைக்குப் போகும் குருதியில் பெரும்பங்கு, தொடையெலும்பின் மேற்பகுதியைச் சுற்றிச் செல்லும் ஒரு நாடியிலிருந்து பிரிந்து, எலும்பின் கழுத்தை ஒட்டி மேலேறும் மெல்லிய குழாய்கள் வழியாகவே போகிறது. தலையின் நடுவிலுள்ள தசைநார் வழியாக வரும் இன்னொரு சிறு குழாய் வளர்ந்தவர்களுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. கழுத்து முறிந்தாலோ மூட்டு நழுவினாலோ அந்த மெல்லிய குழாய்கள் அறுந்துவிடக்கூடும். முறிவே இல்லாமலும் அவை அடைபடலாம்: எலும்பின் உள்ளே மச்சையிலுள்ள கொழுப்புக் கலங்கள் பெருத்தால், விரிந்து கொடுக்காத எலும்புப் பெட்டிக்குள் அழுத்தம் கூடி நுண்குழாய்கள் நசுங்கும், கொழுப்புத் துணிக்கைகளும் குருதிக் கட்டிகளும்கூடப் போய் அடைக்கும். குருதி நின்றால் முதலில் மச்சைக் கலங்களும், ஓரிரு நாட்களுக்குள் என்புக் கலங்களும் இறந்துவிடுகின்றன.

இதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு இந்த நோயின் மையம் என்று பட்டது. இறந்த எலும்பு உடனே உடைவதில்லை. கலங்கள் இறந்தாலும் சுண்ணாம்புக் கட்டுமானம் அப்படியே நிற்கும். அதனால் எக்ஸ்ரே படத்தில் இறந்த எலும்பும் உயிருள்ள எலும்பும் பல மாதங்கள் ஒன்றுபோலவே தெரியும். எலும்பைப் பலவீனப்படுத்துவது உடல் தானே தொடங்கும் திருத்த வேலைதான். இறந்த பகுதியின் ஓரங்களிலிருந்து புதிய குழாய்கள் உள்ளே புகுந்து, பழைய எலும்பை அரித்து அகற்றிப் புதியதை இட முயல்கின்றன. அகற்றும் வேகத்துக்கு இடும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் நிறையைப் போல் இரண்டு மூன்று மடங்கு சுமை இறங்குகிறது. அந்தச் சுமையில், மேலே மூடியிருக்கும் குருத்தெலும்புக்குச் சற்றுக் கீழே ஒரு விரிசல் விழுகிறது. எக்ஸ்ரே படத்தில் அது மெல்லிய பிறைக்கீற்றாகத் தெரியும். பிறை தெரிந்தபின் பந்தின் உச்சி தட்டையாகி, குழியோடு உரசி, மூட்டே தேய்ந்துபோகும். குருத்தெலும்புக்கு உணவு மூட்டுத் திரவத்திலிருந்து கிடைப்பதால் அது நெடுநாள் உயிரோடு இருக்கிறது. சுவர் நன்றாயிருக்க அத்திவாரம் இறங்கிய வீட்டைப் போல. பிறை விழுமுன் கண்டுபிடித்தால் மூட்டைக் காக்க முயலலாம். விழுந்தபின் அந்த வாய்ப்பு மிகவும் குறுகிவிடுகிறது. விழுமுன், தொடக்கத்திலேயே நன்றாகக் காட்டக்கூடிய படம் எம்.ஆர்.ஐ.தான்.

பிறகு காரணத்தை விசாரித்தார். விழுந்ததுண்டா, என்னென்ன மருந்து எடுத்தாய் என்று கேட்டபின், "டீச்சர், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்று என்னை அனுப்பிவிட்டுக் குடிப் பழக்கத்தைப் பற்றித் தனியாகக் கேட்டார். தம்பி குடிப்பதில்லை, ஆனாலும் அக்காவின் முன்னால் அந்தக் கேள்வியை வைக்காத பண்பை நான் மறக்கமாட்டேன். திரும்பி உள்ளே போனதும் ஒரு கணக்கைச் சொன்னார். கிழமைக்கு 400 மில்லிலீற்றருக்கு மேல் தூய மதுசாரம் ஆறு மாதத்துக்கும் மேலாக உடலில் சேர்ந்திருந்தால், இந்த நோய்க்கு மதுவைக் காரணமாகக் கொள்ளலாம் என்பது எலும்புக் குருதியோட்ட ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் வகுத்த அளவு. நம் நாட்டுச் சாராயத்தில் ஒவ்வொரு நாளும் 180 மில்லிலீற்றர் கால் போத்தல் குடிப்பவர் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார். ஒரு நாள் தவறாமல் வேலை முடிந்து கால் போத்தல் எடுப்பவர்கள் எங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு கை விரல்கள் போதவில்லை.

தம்பியின் காரணம் பிரெட்னிசலோன்தான். மூன்று மாதத்துக்குள் மொத்தம் இரண்டு கிராமுக்கு மேல் எடுத்திருந்தால் அதைக் காரணமாகக் கொள்ளலாம் என்பது அதே சங்கத்தின் அளவு. அவனுடைய கிளினிக் கொப்பியில் நாளுக்கு 60 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. அந்தக் கணக்கில் 34 நாட்களில் இரண்டு கிராம் தாண்டிவிடும். அப்படியானால் அந்த மருந்தைக் கொடுத்ததே பிழையா என்று நான் கேட்டேன். இல்லை என்று வைத்தியர் உறுதியாகச் சொன்னார். அந்த மருந்து இல்லாவிட்டால் சிறுநீரகங்கள் போயிருக்கும்; அதை எடுக்கும் பெரும்பாலோருக்கு எலும்புக்கு ஒன்றும் ஆவதில்லை; எடுத்துக்கொண்டிருப்பவர் பயந்துபோய் தானாகவே திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஆனால் அந்த மருந்தை எடுத்த ஒருவர் பின்னர் இடுப்பிலோ தொடையிலோ முழங்காலிலோ வலி என்று வந்தால், இந்த நோய் வைத்தியரின் நினைவுக்கு வர வேண்டும். கொப்பியைப் பார்த்திருந்தால் வந்திருக்கும். தெரியாத பொடிகளும் மூட்டுவலி உருண்டைகளும் வாங்கிச் சாப்பிட்டதுண்டா என்றும் கேட்டார். மூலிகை என்று விற்கப்படும் சிலவற்றில் உறையில் குறிப்பிடாத ஸ்டீரொய்ட் மருந்து கலந்திருப்பதை 2022ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கண்டறிந்து எச்சரித்திருக்கிறது.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் என்ற வலிக்குளிசை, சிறுநீரக நோயாளி ஒருவனுக்கு ஒன்பது மாதம் எழுதப்பட்டிருந்தது. அதை அன்றே நிறுத்திப் பரசிற்றமோல் எழுதினார். எம்.ஆர்.ஐ. துண்டிலும், சாய மருந்து ஏற்றத் தேவையில்லை என்று கோடிட்டு எழுதினார். இந்த நோயைக் காண அது வேண்டியதில்லை. வலிப்பது வலது பக்கம்தான் என்றாலும் இரண்டு இடுப்பையும் படமெடுக்கச் சொன்னார். ஸ்டீரொய்டினால் வரும்போது பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டு பக்கமும் வரும் என்பது அவர் சொன்ன காரணம். தனியார் இடத்தில் படமெடுக்கத் தம்பியின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவாகும் என்பதை மறைக்காமல் சொல்லி, அரச வைத்தியசாலையில் காத்திருந்து எடுப்பதானால் அதற்கும் ஒரு கடிதம் தருகிறேன் என்று இரண்டையும் எங்கள் முன் வைத்தார். காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. நகைக்கடன் வைத்தேன்.

படம் வந்தது. இந்த நோயை நான்கு படிகளாகப் பிரிக்கும் ஃபிக்கா–ஆர்லே முறையில் வலது இடுப்பு மூன்றாம் படியில் இருந்தது, பிறை விழுந்திருந்தது. ஒரு வலியும் இல்லாத இடது இடுப்பு முதற்படியில் இருந்தது. தம்பி வெகுநேரம் பேசவில்லை.

இடது பக்கத்துக்கு அழுத்தக் குறைப்புச் சத்திரசிகிச்சையைப் பரிந்துரைத்தார். தொடையின் வெளிப்புறத்திலிருந்து எலும்பின் கழுத்து வழியாக இறந்த பகுதி வரை துளையிட்டு, உள்ளேயுள்ள அழுத்தத்தைத் தணித்து, புதிய குழாய்கள் போக வழிவிடும் சிகிச்சை அது. எல்லோருக்கும் பலிக்காது, சிறிய புண்ணாக, தொடக்கத்தில் இருந்தால் பலிக்கும் வாய்ப்புக் கூடுதல் என்றும் முன்கூட்டியே சொன்னார். வலது பக்கத்துக்குத் துளையிட்டுப் பயனில்லை. மூட்டை மாற்றத்தான் வேண்டும். செயற்கை இடுப்பு மூட்டு இன்றைய வடிவுக்கு வந்தது 1962ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி செய்த வேலையால். இப்போது பத்தில் ஏறத்தாழ ஆறு மூட்டுகள் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கில் பெரும்பாலோர் முதியவர்கள், 36 வயதுக்காரன் மூட்டைக் கூடுதலாக உழைக்க வைப்பான், ஆகையால் வாழ்நாளில் இன்னொரு முறை மாற்ற நேரலாம் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு சத்திரசிகிச்சைகளும் அரச வைத்தியசாலையில் நடந்தன. கடைசியாக எடுத்த படத்தில் இடது பந்து உருண்டையாகவே இருக்கிறது.

இயன்மருத்துவப் பயிற்சிதான் இந்த நிலையத்தின் இரண்டாவது பெரும் பலம். இடது எலும்பில் துளை ஆறும் வரை, அதாவது ஆறு கிழமைகள், அந்தக் காலில் முழு நிறையை இறக்கக்கூடாது. துளையிட்ட இடத்தில் எலும்பு முறிந்துவிடும் அபாயம் உண்டு. ஊன்றுகோலோடு படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் நோயுள்ள காலும் முதலில் என்பது விதி. இரண்டு காலும் நோய்ப்பட்டவனுக்கு எது நல்ல கால்? வலிக்கும் வலது காலைத்தான் இந்த ஆறு கிழமையும் நல்ல காலாக வைத்துக்கொள்ள வேண்டும், வலிக்காத இடது காலைத்தான் காக்க வேண்டும் என்று இயன்மருத்துவர் சொன்னபோது தம்பிக்கு அது மனதில் பதிய நேரமெடுத்தது. எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதையைத் தொலைபேசியில் படமெடுத்து வரச் சொன்னார். பதினான்கு கற்படிகள், ஒன்று போல் ஒன்று இல்லை, ஐந்தாவது படி முழங்கால் உயரம், மழைக்காலத்தில் எல்லாம் பாசி. ஒவ்வொரு படியையும் மாணவனின் அடிமட்டத்தால் அளந்து எழுதிக்கொண்டு போனேன். அவர் பலகைகளை அந்த அளவுகளுக்கு அடுக்கி, எங்கள் ஐந்தாவது படியைப் பயிற்சிக் கூடத்தில் உண்டாக்கி, அதில் தம்பியை இருபது தடவை ஏறி இறங்க வைத்தார். ஊன்றுகோலின் அடியிலுள்ள இறப்பர் மூடியின் வரிகள் தேய்ந்துவிட்டால் அன்றே மாற்றச் சொன்னார். மூட்டு மாற்றுமுன்னரே, குந்தும் கழிப்பறைக்கு உயரமான இருக்கை ஏற்பாடு செய்யச் சொன்னதும் அவர்தான்.

குறைகள் சிறியவை அல்ல. இடுப்பு நோயாளிகள் வரும் இடம் மேல்மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு படிகள், ஒரு பக்கம்தான் கைபிடி, மின்தூக்கி இல்லை. காத்திருக்கும் இடத்தின் நாற்காலிகள் தாழ்வானவை. மூட்டு மாற்றியவர்கள் தாழ உட்காரக்கூடாது என்று உள்ளே சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியே அவற்றில் உட்கார வைப்பது சரியன்று. குறித்த நேரத்துக்கு ஒருபோதும் கூப்பிட்டதில்லை. ஒரு நோயாளிக்கு நாற்பது நிமிடம் கொடுத்தால் அடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும் என்பது புரிகிறது, ஆனால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் வந்தவர்களுக்குத் திரும்பும் பஸ் தப்பிவிடுகிறது. எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது, நோயை விளக்கும் அச்சுத்தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. வைத்தியர் வாயால் சொன்னதை அம்மாவிடம் போய்ச் சொல்ல என்னிடம் இருந்தது அவர் வரைந்த தாள் மட்டும்தான். மூன்றாவது தடவை போனபோது, இரண்டு பக்கத்தில் தமிழில் நானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு தாதியைக் கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டு இடங்களில் திருத்தினார். இப்போது அதன் பிரதிகள் மேசையில் இருக்கின்றன.

காத்திருந்த வேளைகளில் இந்த நோயின் வேறு முகங்களையும் கண்டேன். சறுக்கி விழுந்து கையை ஊன்றிய ஓர் இளைஞனுக்கு மணிக்கட்டிலுள்ள சிறிய படகெலும்பு முறிந்து, அதன் ஒரு பாதிக்குக் குருதி போகாமல் நின்றிருந்தது. அந்த எலும்புக்குக் குருதி ஒரு முனையிலிருந்தே உள்ளே போவதால் நடுவில் முறிந்தால் மறுமுனை பட்டினி கிடக்கும். நொண்டி நடந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இருந்தது பெர்த்தெஸ் நோய். 1910ஆம் ஆண்டு மூன்று நாட்டு வைத்தியர்கள் தனித்தனியே எழுதிவைத்த, பிள்ளைகளுக்கு வரும் இடுப்பு நோய். சிறு வயது எலும்புக்கு மீண்டும் வளரும் ஆற்றல் உண்டு என்பதால் அவனுக்கு நம்பிக்கை கூடுதல். அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு பிள்ளை நொண்டினால் நான் காரணம் கேட்காமல் விடுவதில்லை.

போக நினைப்பவர்கள் என்னிடம் தனியே கேட்டால் முகவரி தருகிறேன். கிளினிக் கொப்பியையும், வீட்டிலுள்ள குளிசை, பொடி, எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார். செவ்வாய், வியாழன் மாலைகளில் தமிழ் பேசும் தாதி இருக்கிறார். படியேற முடியாதவர்கள் கீழே மருந்துக் கடையில் சொல்லி அனுப்பினால், வைத்தியர் தாமே இறங்கி வந்து கடைக்குப் பின்னாலுள்ள அறையில் பார்ப்பார். இதை எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, எங்களுக்கும் நான்காவது தடவைதான் தெரியவந்தது.